இரண்டாம் நாள் தட்டு

திண்டிவனத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தைப் பார்வையிட வந்த ஒருவர், வரிசையாக வைத்திருந்த கழிவுநீர்ப் பாட்டில்களைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதையெல்லாம் கம்ப்யூட்டர்லயே காட்டிடலாமே" என்றார். நான் ஓய்வுபெற்றும் அந்தப் பேச்சு ஆறவில்லை.

கழிவுநீரை வடிகட்டி, ஈ. கோலையோடு சாஃப்ட் அகரில் கலந்து ஊற்றினால் மறுநாள் பிளாக், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் ஃபேஜ் வைரஸின் தெளிந்த வட்டம், விழும், இதில் என்ன வித்தை என்கிறார்கள். ஊற்றுவதில்தான் வித்தையே. சூடு கூடினால் பாக்டீரியா சாகும். குறைந்தால் அகர் குழாயிலேயே கட்டிதட்டும். 45 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும்.

எனக்கு இதைப் பழக்கியவர் விழுப்புரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த ஆய்வக உதவியாளர். பத்தாவது தாண்டாதவர். வாட்டர் பாத் தெர்மாமீட்டரை நம்ப மாட்டார். குழாயை மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பார்ப்பார். "சுடணும் சார், ஆனா கையை எடுக்கத் தோணக்கூடாது." தட்டு சில்லென்றிருந்தால் ஊற்ற விடமாட்டார். ஊற்றியதும் ஒரே சுற்று. இறுகும்வரை மேசையில் யார் கையும் படக்கூடாது. பிளாக்கை எண்ணி முடித்துத் தட்டைக் கழுவப் போட்டால் கோபம் வரும். "நாளைக்கும் பாருங்க சார்."

இரண்டாம் நாள், தெளிந்த வட்டத்துக்குள் குண்டூசித் தலையளவு காலனிகள் முளைத்திருக்கும். ஃபேஜுக்குத் தப்பியவை. உதாரணமாக, டி5 ஃபேஜ் ஒட்டுவது, செல்லுக்குள் இரும்பை இழுக்கும் ஒரு புரதத்தின்மேல். அது சிதைந்த செல்லுக்கு இரும்பு வரும் ஒரு வழி அடைபடுகிறது, உயிர் மிஞ்சுகிறது. இந்த மாற்றம் ஃபேஜ் வருவதற்கு முன்பே தற்செயலாக நேர்ந்திருக்கும் என்று லூரியாவும் டெல்புரூக்கும் 1943-இல் காட்டிவிட்டார்கள். 1992-இல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 காலராவும் மேலுறை மாறி வந்ததுதான். பழைய ஓ1 உறையைப் பிடித்தே நுழையும் ஃபேஜ்களுக்கு அதில் பிடிமானம் கிடையாது.

உள்ளே நுழைந்த டிஎன்ஏவை வெட்டும் நொதிகள், பழைய படையெடுப்பை நினைவில் வைக்கும் கிரிஸ்பர், தன்னை மாய்த்து அக்கம்பக்கத்தைக் காக்கும் செல் என்று பாக்டீரியாவின் பாதுகாப்பு முறைகளை மாணவர்கள் பரீட்சையில் வரிசையாக எழுதுகிறார்கள். இந்தத் தட்டில் இருப்பது அவற்றில் எது என்று கேட்டால் விழிக்கிறார்கள். காலனியைத் திரும்பத் திரும்பக் கீறித் தூய்மையாக்கி, ஃபேஜோடு சில நிமிடம் கலந்து, செல்களைச் சுழற்றி இறக்கிவிட்டு, மேல்நீரில் எத்தனை ஃபேஜ் மிச்சமென்று எண்ண வேண்டும். எண்ணிக்கை குறையாவிட்டால் வாசலே மாறிவிட்டது. குறைந்தும் செல் பெருகினால் காவல் உள்ளே இருக்கிறது. இந்த வேலைக்கு இன்று யாருக்கும் பொறுமையில்லை. செல்போனில் தட்டைப் படமெடுத்து, செயலியில் எண்ணி, அன்றே ஆட்டோகிளேவில் போட்டுவிடுகிறார்கள்.

ஆன்டிபயாட்டிக் கேட்காத கிருமிகளுக்கு ஃபேஜ்தான் மருந்து என்று இப்போது மேடைக்கு மேடை பேச்சு. அந்த மருந்தைத் தயாரிக்கப் போகிறவர்கள் இதே பிள்ளைகள். எதிர்ப்பு எத்தனை சீக்கிரம் முளைக்கிறது என்பதைக் கண்ணால் காணாதவர் நோயாளிக்கு எந்த ஃபேஜைத் தேர்ந்தெடுப்பார்? செய்முறை வகுப்புக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள் என்று எழுதிக்கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை.