மொட்டை மாடியும் நாற்பது சதவீத மேகமும்

டெலஸ்கோப் வாங்கின வாரமே வானம் மூடிக்கும்னு உலகம் பூரா ஒரு ஜோக் உண்டு. கடைக்காரர் பெட்டிக்குள்ளயே மேகத்தையும் வெச்சு அனுப்புறாராம். 6 இஞ்ச் டாப்சோனியன் ஒண்ணை வெச்சுகிட்டு தாம்பரம் பக்கம் ஒரு மொட்டை மாடியில நாலு வருஷமா குப்பை கொட்டுறவன்ங்கிற முறையில சொல்றேன் மக்களே, அது ஜோக்கே இல்ல :-)

பகல் முழுக்க பொட்டி தட்டுற பொழப்பு. மறுநாள் காலையில ஒன்பதரைக்கு மீட்டிங்ல முகம் காட்டணும். வாரத்துல ஒரு ராத்திரி கண் முழிக்கலாம், மிஞ்சிப் போனா ரெண்டு. அந்த ஒண்ணு எதுன்னு முடிவு பண்றதுக்குத் தான் வானிலை அறிக்கை.

டிவியில வர்ற "வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்" நமக்கு சல்லிக்காசுக்கு பிரயோஜனமில்ல. எந்த உயரத்துல மேகம், எத்தனை மணிக்கு மேகம், இது தான் கேள்வி. விண்டி, மீட்டியோப்ளூ மாதிரி தளங்கள்ல தாழ்வு, நடு, உயரம்னு மூணு அடுக்கா பிரிச்சே காட்டுவாங்க. தாழ்வான மேகம் 40 சதவீதம்னா கண்ணாமூச்சி ஆட்டம், இடைவெளி கிடைக்கிறப்ப பாத்துக்கணும். உயரத்துல பஞ்சு இழுத்துவிட்ட மாதிரி இருக்கிற சிர்ரஸ் 40 சதவீதம்னா கதையே வேற. நெபுலா, கேலக்ஸி எல்லாம் காலி. ஆனா நிலாவும் வியாழனும் அதைத் துளைச்சுகிட்டு தெரியும்.

இந்த தளங்களுக்கெல்லாம் பின்னாடி இருக்கிறது பெரும்பாலும் ரெண்டு கணக்கு. அமெரிக்காவோட ஜிஎஃப்எஸ், ஐரோப்பாவோட ஈசிஎம்டபிள்யூஎஃப். ரெண்டும் ஒரே மாதிரி சொன்னா தைரியமா காஃபி போட்டுக்கலாம். ஆளுக்கு ஒண்ணு சொன்னா, சாயந்திரம் ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்றது உத்தமம். கடைசி ஒரு மணி நேரத்துல எந்தக் கணக்கும் வேணாம், நேரா இன்சாட் படம். நம்ம வானிலைத் துறை தளத்துல அகச்சிவப்புப் படம் ராத்திரியிலயும் வரும். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும். தாழ்வான மேகம் தரையோட சூட்டுக்கு கிட்டத்தட்ட சமமா இருக்கிறதால அந்தப் படத்துல மங்கலாத் தான் விழும். படம் சுத்தமா இருக்குன்னு நம்பிடாம கதவைத் திறந்து தலையை வெளிய நீட்டுறது நல்லது.

மேகம் இல்லைன்னா மட்டும் போதுமான்னா, போதாது. காத்து ஆடாம இருக்கணும். இதை சீயிங்னு சொல்வாங்க. நட்சத்திரம் அழகா மின்னுதேன்னு கவிஞர்கள் குஷியாகலாம், கோள் பாக்கிறவனுக்கு அது கெட்ட சகுனம். இந்த விஷயத்துல நமக்கு கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. குளிர்காலத்துல வட இந்தியா தலைக்கு மேல ஓடுற மேற்கத்திய ஜெட் காத்து பெரும்பாலும் நம்மூர் வரைக்கும் இறங்குறதில்ல. அதுக்கு பதிலா தென்மேற்குப் பருவத்துல நம்ம தலைக்கு மேல கிழக்கத்திய ஜெட் ஓடும். 1950-கள்ல அதை ஆராய்ஞ்சு எழுதினவர் நம்ம இந்திய வானிலை விஞ்ஞானி கோடீஸ்வரம். ஆடி, ஆவணியில மழை விட்ட ராத்திரி வானம் கழுவி விட்டாப்புல இருந்தும் சனி கிரகம் கொதிக்கிற தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி நெளிஞ்சா, அந்தக் காத்து மேல ஒரு சந்தேகம் வெச்சுக்கலாம்.

மேல இருக்கிற காத்தைச் சொல்லிட்டு கால் கீழ இருக்கிறதை விட்டா எப்படி? பகல் முழுக்க காஞ்ச கான்க்ரீட் தளம் ராத்திரி சூட்டைக் கக்கும். பக்கத்து வீட்டு ஏசி பொட்டிக்கு மேல இருக்கிற வானத்துல எதையும் தேடாதீங்க.

கடைசியா ஈரப்பதம். வெப்பநிலையும் டியூ பாயிண்ட்டும் ரெண்டு டிகிரிக்குள்ள நெருங்கிட்டா ஐபீஸ்ல பனி இறங்கிடும். அதுக்குத் தான் வீட்டம்மா ஹேர் டிரையர் அடிக்கடி காணாமப் போகுது. (இந்த வரியை அவங்க படிக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.)

இத்தனை கணக்கையும் நான் ஒழுங்கா ஒக்காந்து போட்டது ஆயாவுக்காகத் தான். போன வருஷம், 2025 பிப்ரவரி. ஆயாவுக்கு 82 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. எங்க வீட்டுல லிஃப்ட் கிடையாது, மாடிக்கு முப்பத்தி நாலு படி. "டேய், ஒரே ஒரு தரம் ஏறுவேன். மேல வந்தப்புறம் மேகம் கீகம்னு கதை சொல்லக் கூடாது"ன்னு கண்டிஷனா சொல்லிடுச்சு.

அந்த வார இறுதியில மூணு ராத்திரி கையில இருந்தது. வெள்ளிக்கிழமை மேகம் சுத்தமா பூஜ்யம், ஆனா காத்து மணிக்கு 25 கிலோமீட்டர். நாலடி குழாய் பாய்மரம் மாதிரி ஆடும். ஞாயித்துக்கிழமை கடல்லேர்ந்து தாழ்வான மேகம் 70 சதவீதம். சனிக்கிழமை உயரத்துல 40 சதவீதம் சிர்ரஸ், கீழ காத்தே இல்ல, பத்து மணிக்கு மேல பனி. தம்பி வெள்ளிக்கிழமைன்னான். நான் சனிக்கிழமைன்னேன். பாக்கப் போறது வியாழன், அதுக்கு சிர்ரஸ் ஒரு பொருட்டே இல்ல. ஆடாம நிக்கிறது தான் முக்கியம்.

நேரமும் பாக்க வேண்டியிருந்தது. ஏழு மணிக்கு வியாழன் கிட்டத்தட்ட உச்சந்தலையில. அப்ப ஐபீஸ் உயரத்துல இருக்கும், நாற்காலியில ஒக்காந்தா கண்ணுக்கு எட்டாது. ஒம்போது மணிக்கு மேற்கே சாஞ்சிடும், ஐபீஸும் இறங்கிடும். பனி இறங்க இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி.

எட்டரைக்கு ஆரம்பிச்சு, நடுவுல ரெண்டு தரம் ஒக்காந்து, ஆயா மேல வந்து சேர இருவது நிமிஷம் ஆச்சு. வெள்ளையா சன்னமா ஒரு திரை, அதுக்குள்ள வியாழன். ஆயா கண்ணை வெச்சுது. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

"நடுவுல ரெண்டு கோடு போட்டிருக்கே, அதுவா?"

அது தான். யாரும் சொல்லிக் குடுக்காம மேகப் பட்டைகளைப் பாத்துடுச்சு. "பக்கத்துல பொட்டு பொட்டா இருக்கிறது அதோட புள்ளைங்களா?"ன்னு நிலாக்களையும் கேட்டுது. நான் நூறு தடவை பாத்த வியாழன், அன்னிக்குப் புதுசா இருந்தது.

இதுல நான் புரிஞ்சுகிட்டது இது தான். வானிலை அறிக்கைகிட்ட "இன்னிக்கு பாக்கலாமா, கூடாதா"ன்னு கேக்கக் கூடாது. "இன்னிக்கு எதைப் பாக்கலாம்"னு கேக்கணும். முழுசா திறந்த வானத்துக்காகவே காத்திருந்தா சென்னையில வருஷத்துல பாதி போயிடும். மேகத்துக்கு ஏத்த மாதிரி ஆளை மாத்திக்கிட்டா, நிலா, கோள், ரெட்டை நட்சத்திரம்னு ஏதாவது ஒண்ணு மாட்டும்.

இதுக்கு ஒரு பூர்வ ஜென்ம பந்தமும் இருக்கு. 1792-ல மெட்ராஸ் வானாய்வுக்கூடம் கட்டின அதே நுங்கம்பாக்கம் வளாகத்துல தான் இன்னிக்கு மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கு. டெலஸ்கோப் நின்ன பழைய கருங்கல் தூண் இப்பவும் அங்க நிக்குது, தமிழ்ல பொறிச்ச எழுத்தோட. நட்சத்திரம் பாத்தவங்களும் மழையை அளந்தவங்களும் அங்க ஒரே ஆளுங்க தான்.

அடுத்து சனி கிரகம் காட்டச் சொல்லி கேட்டிருக்கு ஆயா. "ஒரே ஒரு தரம்னு சொன்னியே"ன்னேன். "அது வியாழனுக்குடா"ன்னுது.