ஆலங்காட்டுப் பையன் கண்ட ரோமாபுரி

கோடைப் படிப்புக்கு ஐரோப்பா போகிறவர்கள் இன்று ஏராளம். பெரியாற்றங்கரையிலிருந்து முதலில் போனவர்களின் கதை வேறு மாதிரியானது.

ஜூன் மாத மழையில் ஆலுவா ரயில் நிலையம் நசநசவென்றிருக்கிறது. வெளியே பரவூர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி பேச்சுக் கொடுக்கிறாள். ஜூலையில் லிஸ்பன் போகிறாளாம். வெளிநாட்டவர்களுக்காக அங்குள்ள பல்கலைக்கழகம் கோடையில் நடத்தும் போர்த்துகீசிய மொழி வகுப்பில் நான்கு வாரம். அது முடிந்து கையில் காசு மிஞ்சினால் ரோம், ஃபிளாரன்ஸ்.

"வீட்டில் அம்மைக்கு நல்ல பேடி, சேச்சி. இந்த ஊரிலிருந்து இதற்கெல்லாம் யார் போயிருக்கிறார்கள் என்று கேட்கிறாள்" என்கிறாள்.

போயிருக்கிறார்கள். நான் ஏறப்போகும் பஸ் அவர்களில் ஒருவரின் ஊருக்குத்தான் போகிறது.

ஆலுவாவில் பெரியாறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையின் கரையில் சிவராத்திரி மணப்புறம். இன்னொரு கிளைக்கு மங்கலப்புழா என்று பெயர். அதன் கரையில் பாதிரியார்களை உருவாக்கும் பெரிய செமினாரி. சற்றுத் தள்ளி 1921-ல் தொடங்கிய யூனியன் கிறிஸ்தவக் கல்லூரி. நாராயண குரு 1924-ல் சர்வமத மாநாடு கூட்டியதும் இதே ஊரில், தமது அத்வைத ஆசிரமத்தில்தான். படிப்பும் மதமும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கும் ஊர் இது. சங்கப் புலவர்களுக்கும் இந்த ஆறு தெரியும். யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-ஆம் பாடல் சொல்கிறது. அந்தக் கப்பல்கள் வந்த முசிறி, இதே ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது.

ஆலங்காடு இங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர். ஒரு காலத்தில் வெல்லத்துக்குப் பெயர் போன ஊர். 1742-ல் இங்கே பிறந்த காரியாட்டில் யவுசேப்பு, 1755-ல் ரோமாபுரிக்குப் படிக்க அனுப்பப்பட்டார். வயது பதின்மூன்று. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் 114 ஆண்டுகள் இருந்தன. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போக வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி லிஸ்பனைப் பெரும் பூகம்பம் தரைமட்டமாக்கியது. பையனை அனுப்பிவிட்டு இருந்த ஆலங்காட்டு வீட்டுக்கு அந்தச் செய்தி எப்போது எட்டியதோ! கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும் காலம் அது.

அவர் சேர்ந்த இடம், போப் எட்டாம் அர்பன் 1627-ல் தொடங்கிய அர்பன் கல்லூரி. உலகின் பல நாட்டுப் பையன்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் படிக்க வைத்த இடம். அது அன்று இயங்கிய கட்டடம் ரோமின் ஸ்பானியச் சதுக்கத்தில் இன்றும் நிற்கிறது. படிக்கட்டுகளில் உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ளும் சுற்றுலாப் பயணிகளில் எத்தனை பேருக்குத் தெரியும், எதிரே ஒரு மலையாளப் பையன் பதினொரு ஆண்டு படித்தான் என்று? 1766-ல் டாக்டர் பட்டங்களோடு ஊர் திரும்பியவர், ஆலங்காட்டுச் செமினாரியில் மல்பான் ஆனார். மல்பான் என்றால் சுறியானி மொழியில் ஆசிரியர்.

கதை இதோடு முடிந்திருந்தால் அது ஒரு நல்ல மாணவனின் கதை. ஆனால் படித்த படிப்புக்கு ஊர் ஒரு வேலை வைத்திருந்தது.

அதைப் புரிந்துகொள்ள மட்டாஞ்சேரிக்குப் போக வேண்டும். மிளகு மணமும் பழைய கிடங்குகளுமாக இருக்கும் அந்தத் தெருக்களில் கூனன் குரிசுப் பள்ளி இருக்கிறது. (கேரளத்தில் பள்ளி என்றால் சர்ச்சும்தான்.) 1653 ஜனவரி 3-ஆம் தேதி மார்த்தோமா கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே கூடி, போர்த்துகீசிய யேசு சபைப் பாதிரியார்களுக்கு இனி அடங்குவதில்லை என்று சபதமிட்டார்கள். எல்லோராலும் சிலுவையைத் தொட முடியாததால் அதில் கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்றும், இழுத்த இழுப்பில் சிலுவை கூனிப்போயிற்று என்றும் மரபு. அந்தச் சபதத்துக்குப் பிறகு சமூகம் இரண்டானது. கத்தோலிக்கராகத் தொடர்ந்தவர்களுக்கும் சொந்த ஆயர் நிலைக்கவில்லை. பெரும்பாலும் ஐரோப்பியர்களே ஆண்டார்கள்.

பிரிந்தவர்களை மீண்டும் சேர்க்க வேண்டும், சொந்த மண்ணிலிருந்து ஆயர் வேண்டும் என்று ரோமிலும் லிஸ்பனிலும் நேரில் கேட்க 1778-ல் ஒரு குழு புறப்பட்டது. ரோமில் படித்தவர், அங்கத்திய மொழிகள் அறிந்தவர் என்பதால் தலைமை காரியாட்டிலுக்கு. துணைக்கு பாறேம்மாக்கல் தோமா கத்தனார். ரோமில் படிக்க வைப்பதற்காக இரண்டு மாணவர்களையும் அழைத்துக்கொண்டார்கள். அதிரம்புழையில் படகேறி, காயங்குளம், தமிழ்நாடு வழியாகச் சென்னை வந்தார்கள். உடன் வந்த மற்றவர்கள் சென்னையோடு திரும்ப, இவர்கள் அங்கே கப்பலேறினார்கள். நன்னம்பிக்கை முனையைக் கடந்த கப்பலைக் காற்று திசைமாற்றித் தென்னமெரிக்கக் கரைக்குக் கொண்டு போயிற்று. 1779-ல் லிஸ்பன். ஜெனோவா வழியாக 1780 ஜனவரியில் ரோம்.

இந்தப் பயணத்தைப் பாறேம்மாக்கல் எழுதி வைத்தார். 'வர்த்தமானப் புஸ்தகம்.' இந்திய மொழி ஒன்றில் எழுதப்பட்ட முதல் பயண நூல் என்று இதைச் சொல்கிறார்கள். மலையாளத்தில் வர்த்தமானம் என்றால் செய்தி. தமிழிலும் அந்தப் பொருள் உண்டு. இலங்கையில் அரசிதழை இன்றும் வர்த்தமானி என்றுதான் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பை வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற எனக்கு இப்படி ஒரு சொல் எல்லை தாண்டி வந்து நலம் விசாரித்தால் அன்றைய பொழுது நல்ல பொழுது.

நகரங்களையும் கோவில்களையும் கண்ட வியப்பு புத்தகத்தில் உண்டு. ஆனால் இது வேடிக்கை பார்க்கப் போனவரின் குறிப்பல்ல, வாசலில் காக்க வைக்கப்பட்டவரின் குறிப்பு. மிஷனரிகளின் புகார்கள் இவர்களுக்கு முன்பே ரோமுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. காரியாட்டில் படித்த கல்லூரியை நடத்திய அதே சபைதான் இப்போது அவரைச் சந்தேகத்தோடு பார்த்தது. பழைய மாணவன் பட்டம் வாங்க வந்தால் தட்டிக்கொடுக்கலாம். உரிமை கேட்டு வந்தால்? ஒவ்வொரு நாட்டாரையும் அந்தந்த நாட்டாரே ஆளும்போது இந்தியர்களை மட்டும் அன்னியர் ஏன் ஆள வேண்டும் என்று பாறேம்மாக்கல் கேட்கிறார். காங்கிரஸ் பிறப்பதற்கு நூறாண்டு முன்பு, மதத் தலைமையைப் பற்றி எழுந்த கேள்வி அது.

லிஸ்பனில் கதவு திறந்தது. போர்த்துகல் அரசி முதலாம் மரியா, காரியாட்டிலைக் கொடுங்ஙல்லூர்ப் பேராயராக நியமித்தார். 1783-ல் அங்கேயே அபிஷேகம் நடந்தது. லிஸ்பனுக்கு நம்மவர்கள் புதியவர்களும் அல்ல. 1554-ல் அந்த நகரில்தான் தமிழின் முதல் அச்சுப் புத்தகம் வெளியானது. ரோமன் எழுத்தில் தமிழ். அதில் உழைத்த மூன்று இந்தியர்களின் போர்த்துகீசியப் பெயர்கள் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர்களின் தமிழ்ப் பெயர் என்ன, ஊர் எது, யாரும் எழுதி வைக்கவில்லை. பாறேம்மாக்கல் செய்த காரியத்தின் அருமை அப்போதுதான் உறைக்கிறது.

1785 ஏப்ரலில் லிஸ்பனை விட்டவர்கள் 1786 மே மாதம் கோவா சேர்ந்தார்கள். ஊர் காத்திருந்தது. செப்டம்பரில் பேராயர் கோவாவிலேயே காலமானார். வயது 44. பொறுப்பையும் தம் சிலுவையையும் மோதிரத்தையும் பாறேம்மாக்கலிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். எட்டு ஆண்டு அலைந்து வாங்கிய ஆயர் ஒரு நாள்கூடத் தம் பள்ளிகளைப் பார்க்கவில்லை. 1787-ல் 84 பள்ளிகளின் பிரதிநிதிகள் அங்கமாலியில் கூடித் தங்கள் கோரிக்கையை மறுபடியும் எழுதினார்கள். பாறேம்மாக்கல் 1799-ல் இறக்கும் வரை நிர்வாகியாகவே இருந்தார். அவருடைய புத்தகம் அச்சேறியது 1936-ல்.

ஆலங்காட்டுப் பள்ளியில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். காரியாட்டிலின் எலும்புகள் 1961-ல் கோவாவிலிருந்து எடுத்து வரப்பட்டு இங்கே அடக்கம் செய்யப்பட்டன. 1778-ல் போனவர் திரும்ப 183 ஆண்டுகள்.

மாலையில் ஆலுவா திரும்பும்போது தலைக்கு மேல் தாழ்வாக ஒரு விமானம். நெடும்பாசேரி விமான நிலையம் ஆலுவாவுக்கும் அங்கமாலிக்கும் நடுவில்தான். அந்தப் பெண் அங்கே ஏறினால் ஒரு நாளுக்குள் லிஸ்பன். படித்து முடித்து வருவாள். எதைக் கற்றாள் என்று கேட்பார்கள். கற்றதை வைத்து யாருக்காக என்ன கேட்கப் போகிறாள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு பையன் பதில் சொல்லியிருக்கிறான் என்று அவளுடைய அம்மாவிடம் யாராவது சொல்ல வேண்டும்.

ஸ்டேஷனில் கோவா வழியாக வடக்கே போகும் ஒரு ரயில் வந்து நிற்கிறது. இங்கிருந்து மட்காவ் ஒரு ராத்திரிப் பயணம்.