அவனியாபுரத்து முதியோர் அவை

ஓரணியில் நின்று விளையாடினோர் ஒருவரோடொருவர் நட்புக் கொள்ளுதல் வியப்பன்று. களத்திற் காலும் வையாது, காண்டல் ஒன்றையே தம் பங்காகக் கொண்டோர், அக்காட்சியின் பொருட்டே ஆண்டு முழுதும் ஒருவரையொருவர் நாடி வாழ்தலன்றோ வியப்பு? ஒரு நாட் காலையில் தொடங்கி மாலையில் முடிந்துபோகும் விளையாட்டைப் பற்றி எஞ்சிய முந்நூற்றறுபத்துநான்கு நாளும் பேசுவோரை யாம் அறிவோம். அவனியாபுரத்துச் சாலையோரத்துத் தேநீர்க் கடையொன்றின் முன் இரண்டு மரப்பலகைகள் உள. அவற்றில் நாடோறும் காலையில் எழுவர் அமர்வர். சில நாள் ஒன்பதின்மரும் ஆவர். அவருள் இளையவர்க்கு அகவை அறுபத்திரண்டு. கல்லூரிக்குச் செல்லும் பேருந்து காலந்தாழ்த்தும் நாளெல்லாம் யாம் அவர்தம் மாணாக்கர்.

அவனியாபுரம் இன்று சிற்றூரன்று. 2011ஆம் ஆண்டிலேயே அது மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அருகே வானூர்தி நிலையம் உண்டாகலின், பேச்சின் நடுவே வானூர்தி இரைந்து தாழும். முதியோர் வாய்மூடி அது கடக்குமளவும் பொறுத்திருந்து, விட்ட சொல்லிலிருந்தே மீண்டும் தொடங்குவர். ஊர் எவ்வளவு மாறினும் தை முதல் நாள் சல்லிக்கட்டு இவ்வூர்க்கே உரியது. மறுநாள் மாட்டுப்பொங்கலன்று பாலமேடு. அதற்கும் மறுநாள் அலங்காநல்லூர். வெளிநாட்டாரும் அலங்காநல்லூரின் பெயரையே அறிந்துளர் என்பது இவ்வவையினர்க்கு நெடுநாளைய மனக்குறை. "முதப்பந்தி நம்ம பந்தி, அவுக சாப்புடுறது மூணாம் பந்தி" என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்வர்.

இவர்தம் கல்வி பெரிது. மயிலை, செவலை, காரி, மறை என நிறம் பிரித்தல் சிறுவர்க்கும் எளிது. கொம்பின் இடைவெளியையும் திமிலின் சாய்வையும் கண்டு, இம்மாடு வாடிவாசலை விட்டு வெளிப்பட்டதும் ஓடிப்போகும் மாடா, நின்று விளையாடும் மாடா என்று முன்னரே உரைத்தல் இவர்க்கே கைவந்தது. ஓடிப்போகும் மாடு எவர் கைக்கும் சிக்காது பரிசு பெற்றுச் சென்றாலும் இவர் அதனை மதியார். நின்று, திரும்பி, நெருங்கினோரைக் கொம்பாற் கேட்டு, பின் தானே வழிகண்டு போகும் மாட்டையே மாடென்பர். அவ்வாறே வாலைப் பற்றினோன், கொம்பைப் பற்றினோன், இருவராய்ச் சேர்ந்து தழுவினோன் ஆகியோரையும் கணக்கிற் கொள்ளார். தனியொருவன் திமிலை அணைத்துச் செல்லுதலே பிடி. இவ்விதி இக்காலத்து அரசு ஆணைகளிலும் உளது. தம்மைக் கேட்டே அரசு அதனை எழுதிற்று என்பது போல இவர் பேசுதல் கேட்டு யாம் நகைப்பதுண்டு.

தமிழ் பயிலும் எமக்கு ஈண்டு ஒரு சொல் நினைவிற்கு வருகின்றது. கலித்தொகையின் முல்லைக்கலியைப் பாடங்கேட்டபோது, ஏறுகளை நிறத்தாலும் குறியாலும் பெயரிட்டழைக்கும் பகுதிகளில் 'காரி' என்னும் சொல்லைக் கண்டு, உரை நோக்காமலே பொருள் கொண்டோம். எம்மோடு பயில்வோர் சிலர் அச்சொல்லுக்கு அகராதியைப் புரட்டினர். எமக்கோ அதனைத் தேநீர்க் கடைப் பலகை முன்பே கற்பித்திருந்தது. அந்நூலை 1887ஆம் ஆண்டில் முதன்முதல் அச்சேற்றியவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. அவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் நடத்திய செமினரியிற் கற்றவர் என்பது மிஷன் கல்லூரி மாணவராகிய எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இதனை அவையில் கூறியபோது முதியவர் ஒருவர், "அவரு ஊர்ல மாடு உண்டா அப்பு?" என்று மட்டும் வினவினார். மாடு பிடித்தவரைப் பாடிய நூலை அச்சிட்டவரும் மாடு வளர்த்திருத்தல் வேண்டுமென்பது அவர் கருத்துப் போலும்.

இவ்வவைக்கு எழுதாத சட்டங்கள் சில உள. குறி தவறியவர் அன்றைத் தேநீர்க்குப் பொருள் கொடுத்தல் வேண்டும். இறந்த மாட்டைப் பழித்துப் பேசலாகாது. எவர் வீட்டுக் காளை இறப்பினும், மனிதர்க்குச் செல்லுதல் போலவே மாலையோடு சென்று, அதனைக் குழியில் இறக்குமளவும் உடனிருந்து வருதல் வேண்டும். மாமன், மைத்துனன், பங்காளி என இவர் தம்முள் அழைத்துக்கொள்ளினும், இவருட் பலர்க்குக் குருதியுறவு சிறிதுமில்லை. ஒரே தெருவினரும் அல்லர். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்தபின் ஆலய வாயில் வேம்பினடியில் நின்று பேசும் எம் சபை மூப்பரையே இவர்க்கு ஒப்பாகச் சொல்லலாம். ஒரு வேற்றுமை உண்டு: மூப்பர் பேச்சு அரைமணியில் முடியும். கிறிஸ்துமஸ் நாளில் யாம் கொண்டுசெல்லும் முறுக்கும் அதிரசமும் இவ்வவைக்கும் செல்கின்றன. பொங்கற் கரும்பு எம் வீட்டிற்கு வருகின்றது.

விளையாட்டே இல்லாதபோது இவ்வவை என் செய்தது? 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2015, 2016, 2017 என மூன்று பொங்கல் வாடிவாசல் திறவாமற் சென்றன. அந்நாளில் யாம் சிறுவராயிருந்தோம்; ஆகலின் அவர் வாய்மொழியாகவே இவற்றை அறிந்தோம். முதற்பொங்கலன்று விடியலில் வழக்கம்போற் குளித்து, புது வேட்டி உடுத்து வந்து பலகையில் அமர்ந்தனராம். ஒருவரும் பேசவில்லையாம். வெயிலேறியபின் ஒருவர் இருபதாண்டுக்கு முன் கண்ட மயிலையொன்றைப் பற்றித் தொடங்க, பகலெல்லாம் இறந்த மாடுகளே களத்தில் இறங்கினவாம். அவ்வாண்டுகளில் மாட்டை வைத்துக் காக்க இயலாது சந்தைக்கு ஓட்டியவர் பலர். விற்றவரை இவ்வவை ஒருசொல்லும் கடிந்ததில்லை. பருத்திக்கொட்டையின் விலை யாது, ஒரு காளையின் நாட்செலவு யாது என்பதை இவர் அறிவர். விற்று வந்தவர் பலகைக்கு வர நாணி ஒரு திங்கள் ஒளிந்திருந்தாராக, இருவர் அவர் வீட்டிற்கே சென்று அழைத்துவந்து நடுவில் இருத்தினராம். இச்செய்தியைக் கேட்ட நாள்முதலே யாம் இவரை வெறும் வாயாடிகளாக எண்ணுதலை விடுத்தோம்.

2017ஆம் ஆண்டு சனவரியில் சென்னைக் கடற்கரையிலும் நாடெங்கணும் இளைஞர் திரண்டமையும், 21ஆம் நாள் அவசரச் சட்டம் பிறந்தமையும், 23ஆம் நாள் சட்டமன்றம் அதனை நிறைவேற்றியமையும் யாவரும் அறிந்தவை. பிப்ரவரி 5ஆம் நாள் அவனியாபுரத்தில் வாடிவாசல் திறந்தது. அது தை இருபத்துமூன்று. "பிந்தினாலும் தைக்குள்ள வந்துருச்சுல்ல" என்று இன்றும் அவர் அதனைச் சொல்லி மகிழ்வர்.

இப்போது முதியோர் களத்தருகே செல்வதில்லை. நெரிசலும் காவலர் தடுப்பும் மூப்புக்கு ஒவ்வா. கடையிலுள்ள தொலைக்காட்சியிலேயே காண்கின்றனர். இதனால் ஒரு விந்தை விளைந்தது. களம் அண்மையில் உளதாகலின் ஒலிபெருக்கியின் அறிவிப்பும் மக்கள் ஆரவாரமும் காதில் முன்னர் விழும். அதே காட்சி தொலைக்காட்சியில் சில நொடி கழித்தே தோன்றும். அந்நொடிகளே இவர்க்குத் திருவிழா. ஆரவாரத்தின் அளவைக் கேட்டு, மாடு பிடிபட்டதா, பிடிப்போனை உதறிச் சென்றதா என்று குறிசொல்வர். பின் படம் வந்து தீர்ப்பளிக்கும். ஒலிபெருக்கியைச் செவியுற்றுக் குறிசொல்லுதல் முறையன்று என்று ஒருவர் வழக்கிட்டு, அறிவிப்பாளர் பேசும்போது காதைப் பொத்திக்கொள்வார். தேநீர்க் கணக்கு அன்றொரு நாளில் ஐம்பதைத் தாண்டும்.

2020ஆம் ஆண்டில் ஒரு சோதனை வந்தது. விழாவை நடத்துதற்குரியார் யார் என ஊரிலுள்ளோர் பிரிந்து வழக்காட, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையிற் குழு அமைத்து நடத்துவித்தது. அப்பிளவு பலகையையும் தொட்டது. நால்வர் எதிர்ச்சாரிக் கடைக்குப் பெயர்ந்தனர். சாலையின் இரு புறமும் இரண்டு அவைகள். ஒன்றை ஒன்று நோக்கியபடி வாளா இருந்தன. கடைக்காரரே முதலில் வருந்தினார். அவர் வருத்தத்தில் வணிகமும் கலந்திருந்தது. போகிக்கு முந்திய நாள், எதிர்ச்சாரியிலிருந்த ஒருவர் சாலையைக் கடந்து வந்து, "மாடு பாக்கத் தெரியாத பயலுகளோட எத்தன நாளைக்குய்யா உக்காந்திருக்கிறது?" என்றார். அவரைத் தொடர்ந்து ஏனையோரும் வந்தனர். வழக்கைப் பற்றி அதன்பின் பலகையிற் பேசுவதில்லை என்னும் சட்டமும் அன்று சேர்ந்தது.

இனிக் கூறப்புகுவது எம் உள்ளத்தை இன்றும் வருத்துவது. 2025ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் அவனியாபுரக் களத்தில் மாடுபிடி வீரராகிய இளைஞரொருவர் காளை குத்தி உயிர் நீத்தார். மறுநாட் காலை பாலமேட்டுக் காட்சி தொலைக்காட்சியிற் தொடங்கவே, அவையில் மூத்தவர், "இன்னைக்கு வேணாம்ப்பா" என்றார். கடைக்காரர் அதனை நிறுத்தினார். இவ்வவையினருள் ஒருவர்க்கு வலக்கை முழங்கையில் வளைந்தது. அவர் இளமையில் களம் இறங்கியவர். அவர் மகன்வயிற்றுப் பேரனுக்கு எம் வயது. அடுத்த ஆண்டு களத்தில் இறங்கப் பெயர் பதிவு செய்தல் வேண்டுமென்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். சில நாள் கழித்து அவர் அவனைப் பலகைக்கு அழைத்து வந்தார். தடுக்கவுமில்லை, வாழ்த்தவுமில்லை. சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, தேநீர் அருந்தியபடி இருந்தார். பிறர் ஒவ்வொருவராய்த் தாம் அறிந்த இளைஞர் பெயர்களைச் சொன்னார்கள்: இன்ன ஆண்டு, இன்ன ஊர், இன்னார் மகன், மணமாகி மூன்று திங்கள். அதுகாறும் மாட்டின் பெயர்களையே அவர் வாயிற் கேட்டிருந்த எமக்கு அம்மனிதர் பெயர்கள் புதியன. அவை அத்தனையும் அவர் நெஞ்சில் வரிசை பிறழாது இருந்தன. பேரன் தரையையே நோக்கியிருந்தான். பேருந்து வந்தது, யாம் ஏறவில்லை.

ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2023ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் தமிழ்நாட்டின் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் தீர்த்தது அவ்வழக்கை. எம் உள்ளத்து வழக்கோ தீர்ந்தபாடில்லை. காண்போர் கன்னெஞ்சர், பிறர் குருதியைக் கண்டு களிப்போர் என்று எழுதுவாரை யாம் படித்துளோம். இப்பலகையருகே ஒரு காலை நின்றிருப்பின் அவ்வாறு எழுதார். இதனால் விளையாட்டின் கேடு இல்லையென்பதன்று; அக்கேட்டைக் கண்டும் அதனின்று நீங்கமாட்டாத அன்பு ஒன்று உளது, அதனைச் சுமத்தலும் ஒருவரால் ஆவதன்று என்பதே யாம் கண்டது. பேரன் அவ்வாண்டு பெயர் பதியவில்லை. அதற்குக் காரணம் பாட்டனார் கையா, பலகையா, அவன் தாயின் கண்ணீரா என்பதை யாம் வினவவில்லை.

அவையின் அண்மைச் செய்தி ஒன்றையும் சொல்லுதல் தகும். மூத்தவர்க்கு இரு கண்ணிலும் புரை படர்ந்து ஆண்டுகள் சிலவாயின. பொங்கல்தோறும் தொலைக்காட்சி முன் அமர்வார். காண்பது மங்கிய நிழலே. அருகிருக்கும் தோழர் ஒவ்வொரு மாட்டையும் சொல்லாற் காட்டுவார். கண் மருத்துவம் என்றதும் மூத்தவர் நாள் கடத்திக்கொண்டே வந்தார். கடந்த ஆடியில் நால்வர் சேர்ந்து அவரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு தொடங்கி இன்று உலகறிய வளர்ந்த அந்நிலையத்தின் வாயிலில் இவர் நால்வரும் பகலெல்லாம் காத்திருந்து, காவலாளியின் ஊர்க்காளைகளை விசாரித்து முடித்தனராம். மருத்துவம் நன்கு முடிந்தது. ஒரு திங்கள் கழிந்தபின் கடைக்காரர் மகன் தன் கைப்பேசியிற் பழைய ஆண்டுகளின் படங்களை மூத்தவர்க்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினான். அவர் நெடுநேரம் உற்று நோக்கினார். பின்பு தோழரை நோக்கி, "ஏன் மாப்ள, இந்தக் காரி வெளிய வந்ததும் ஓடிப்போயிருச்சே! நாலு சுத்துச் சுத்தி நின்னு விளையாண்டுச்சுன்னு சொன்னியே நீ?" என்றார்.

தோழர் சிறிதும் கலங்கவில்லை. "ஆமா மாமா. கண்ணு தெரியாத மனுசன் விடியக்காலையே வந்து உக்காந்திருக்காரு. அவருக்குப் போயி ஓடிப்போற மாட்டையா காட்டுறது?"

அப்படியாயின், அவ்வாண்டுகளில் மூத்தவர் குறி தவறிக் கொடுத்த தேநீர்க் காசையெல்லாம் யார் திருப்பித் தருவது என்று வழக்குத் தொடங்கிற்று. யாம் பேருந்தேறும்வரை அது தீரவில்லை.