மாமா மறுபடி ஷார்ஜா போனார்!

மாமா ஷார்ஜாவில் கொத்தனார். கம்பெனி மூடியதும் விசா காலாவதியானது. அதன்பிறகு தினமும் 50 திர்ஹம் அபராதம். ஒரு வருஷத்துக்கு 18,250! கட்ட வழியில்லாமல், பாட்டி இறந்தபோதுகூட வீடியோ காலில்தான் அழுதார்.

2024 செப்டம்பரில் அமீரகத்தில் பொதுமன்னிப்பு தொடங்கியது. அபராதம் ரத்து, ஊருக்குப் போனாலும் திரும்பி வரத் தடையில்லை. இரண்டு மாதச் சலுகை டிசம்பர் 31 வரை நீண்டது. அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் இப்படித் தங்கிவிட்டுக் கிளம்பினால், பொதுவாக 10 வருஷத் தடை.

‘போனா பிடிச்சு வெச்சுப்பாங்களோ’ என்று பயந்த மாமா, கடைசி வாரத்தில்தான் எக்ஸிட் பாஸ் வாங்கினார்.

போன மாதம் புது விசாவில் மறுபடி கிளம்பினார். கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டை நீட்டியபோது கை நடுங்கியதாம். வெளியே வந்ததும் அத்தைக்குத்தான் முதல் போன்: “விசா முடியிற தேதியைச் சொல்றேன், காலண்டர்ல எழுதிக்கோ.”