புதிய கணினிக்குக் குடிபெயரும் முன்

வீடு மாறும் நாளில் அலமாரி, கட்டில், பானை சட்டி என எல்லாவற்றையும் லோரியில் ஏற்றிவிடலாம். புதிய வீட்டில் இறக்கி வைத்தால் அவை முன்போலவே பயன்படும். பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு மாறுவதும் அப்படித்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். படங்கள், கட்டுரைகள், பாடல்கள் ஆகியவற்றைப் பொறுத்தவரை அது உண்மையே. அவற்றை ஒரு விரலியில் நகலெடுத்துக்கொண்டு போகலாம். ஆனால், ஓவியம் வரையவும் நூல் வடிவமைக்கவும் காணொளி தொகுக்கவும் உதவும் உரிமம் பெற்ற மென்பொருள்களை அவ்வாறு தூக்கிச் செல்ல இயலாது.

ஏன் இயலாது? கடையில் நாற்காலி வாங்கினால் அந்த நாற்காலி நமக்கே சொந்தம். மென்பொருளுக்குப் பணம் செலுத்தும்போதோ நாம் பெறுவது அதனைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. அந்த அனுமதிக்குத்தான் உரிமம் என்று பெயர். எத்தனை கணினிகளில் அதனைப் பயன்படுத்தலாம் என்பதையும் உரிமமே வரையறுக்கிறது. மென்பொருளை நிறுவியதும் அது இணையத்தின் வழியாகத் தன்னை உருவாக்கிய நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, ‘இந்தக் கணினியில் இயங்குகிறேன்’ என்று பதிவு செய்துகொள்கிறது. கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் இந்தப் பதிவு உடன் வராது.

முன்பெல்லாம் இத்தகைய மென்பொருள்கள் வட்டுகளில் அடைக்கப்பட்டுப் பெட்டிகளில் விற்கப்பட்டன. பெட்டியின் உள்ளே ஒரு தொடர் எண் இருக்கும். 2013ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றியது. சந்தா முறையில் பயனர் தம் கணக்கின் மூலம் உள்நுழைந்தால் போதும். தொடர் எண்ணைத் தேட வேண்டியதில்லை. எனினும், ஒரே முறை பணம் கட்டி வாங்கிய பழைய பதிப்புகளை இன்றும் வைத்திருப்போர் உண்டு. அவர்களுக்குத்தான் கணினி மாற்றம் பெரிய சோதனையாகிறது.

சிறிய நகரம் ஒன்றில் அச்சகம் நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிக்கை, பள்ளி ஆண்டிதழ் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாக வடிவமைப்பவர் அவர். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவடைந்ததால், புதிய கணினி ஒன்றை வாங்கினார். தாம் செய்த வடிவங்களை எல்லாம் கவனமாக நகலெடுத்தார். பிறகு, பழைய கணினியின் வன்தட்டை முழுவதுமாக அழித்து, அதனை விற்றும்விட்டார்.

மறுநாள் புதிய கணினியில் மென்பொருளை நிறுவினார். தொடர் எண்ணையும் தட்டச்சு செய்தார். ‘இந்த உரிமம் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது’ என்ற அறிவிப்புத் திரையில் தோன்றியது. அந்தக் கணினியோ இப்போது அவரிடம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு திருமண அழைப்பிதழை முடித்துக் கொடுக்க வேண்டும், அன்று செவ்வாய்க்கிழமை.

“அப்பா, என் கூட்டாளியிடம் பூட்டு உடைத்த பதிப்பு ஒன்று இருக்கிறதாம். அதைப் போட்டுவிட்டால் இப்போதே வேலையைத் தொடங்கலாம்,” என்றான் மகன்.

“வேண்டாம்பா. நாம் இரவெல்லாம் கண்விழித்துச் செய்த அட்டையைப் பக்கத்துக் கடைக்காரர் அப்படியே நகலெடுத்து விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? இதை உருவாக்கியவர்களுக்கும் அப்படித்தானே இருக்கும்?” என்றார் தந்தை.

மகன் மறுபேச்சுப் பேசவில்லை. இருவரும் பரணில் இருந்த பழைய பெட்டிகளைக் கிளறினார்கள். மென்பொருள் பெட்டியினுள் மங்கிப்போன பற்றுச்சீட்டு ஒன்று கிடைத்தது. அதைப் படம்பிடித்து நிறுவனத்திற்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். வியாழக்கிழமை காலையில், பழைய பதிவு நீக்கப்பட்டதாகப் பதில் வந்தது.

மென்பொருள் திறந்தது. ஆனால், அழைப்பிதழில் மணமக்களின் பெயர்கள் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நின்றன! ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும், அச்சுத் தொழிலில் பழைய எழுத்துருக்கள் நெடுங்காலம் நிலைத்தன. அவற்றுள் பல, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் ஆங்கில எழுத்துகளே தெரியும். நல்லவேளையாக எழுத்துரு வட்டும் அதே பரணில் இருந்தது. புதிய கணினியில் வட்டு இயக்கி இல்லாததால், ஒன்றை இரவல் வாங்கி எழுத்துருவை நிறுவினார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் அழைப்பிதழ் அச்சாகி முடிந்தது.

இந்த அலைச்சல் முழுவதையும் வரிசை மாறாமல் செய்திருந்தால் தவிர்த்திருக்கலாம். முதலில், உரிம எண்ணையும் பற்றுச்சீட்டையும் எடுத்து வைக்க வேண்டும். அடுத்து, புதிய கணினியில் அந்தப் பதிப்பு இயங்குமா என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 2019இல் வந்த மெக்ஓஎஸ் கேட்டலினாவில் 32 பிட் மென்பொருள்கள் இயங்குவதில்லை. உரிமம் இருந்தும் பயனில்லை. அதன்பின், எழுத்துருக்கள், தூரிகைகள், வண்ணத் தொகுப்புகள், செருகுநிரல்கள் ஆகியவற்றை நகலெடுக்க வேண்டும். பிறகு, பழைய கணினியில் உரிமத்தைச் செயலிழக்கச் செய்து, புதியதில் செயல்படுத்த வேண்டும். பழைய வேலைகளில் சிலவற்றைத் திறந்து சரிபார்த்த பிறகே பழைய கணினியை அழிக்கலாம்.

உரிமத்தின் கட்டுப்பாடு பிடிக்காதவர்களுக்கு நேர்மையான மாற்று வழியும் உண்டு. கிம்ப், இங்க்ஸ்கேப், கிரித்தா முதலியவை கட்டற்ற மென்பொருள்கள். அவற்றை எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நிறுவலாம். முப்பரிமாண வடிவமைப்புக்கு உதவும் பிளெண்டர் மென்பொருளை 2002ஆம் ஆண்டில் அதன் பயனர்களும் ஆர்வலர்களும் 100,000 யூரோ திரட்டி விடுவித்தார்கள். இன்று உலகெங்கும் உள்ள மாணவர்கள் அதனை இலவசமாகப் பயன்படுத்துகிறார்கள்.

கணினி சில ஆண்டுகளில் பழசாகிவிடும், மென்பொருளும் மாறும். அவற்றைக் கொண்டு ஒருவர் கற்ற கைத்திறனும் உருவாக்கிய படைப்புகளும் அவருக்கே உரியவை. அவற்றைப் பத்திரமாகப் புதிய இடம் சேர்ப்பதற்குச் சிறிது பொறுமையும், ஒரு குறிப்பேட்டில் ஒழுங்காக எழுதி வைக்கும் பழக்கமும் போதும்.