வளர்ந்துவிட்ட ஆமைகள்

அமெரிக்காவின் அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களில், வளர்த்தவர்களால் கைவிடப்பட்டுக் காப்பகங்களுக்கு அடிக்கடி வந்து சேரும் நில ஆமை, சகாராவின் தென்விளிம்பில் நீளும் சாஹேல் என்னும் வறள்நிலப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட சல்காட்டா ஆகும்.

பொரிந்த புதிதில் உள்ளங்கையில் அடங்கும் இந்த ஆமையின் குஞ்சு, முதிர்ந்தபின் 45 கிலோவையும் தாண்டக்கூடும் என்பதும், 70 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடும் என்பதும் வாங்குவோர் பலருக்குத் தெரிவதில்லை.

காப்பகத்தில் முதலில் கவனிக்கப்பட வேண்டியது ஓடு.

முதுகெலும்பும் விலா எலும்புகளும் இணைந்து உருவான உயிருள்ள உறுப்பாகிய அது, சுண்ணாம்புச் சத்தும், அந்தச் சத்தை உடல் ஏற்க உதவும் வைட்டமின் டி-யைத் தோலில் உண்டாக்கும் புற ஊதாக் கதிரும் கிட்டாதபோது மென்மையாகி உருக்குலைகிறது. இளமையில் போதிய ஈரப்பதமின்றி வளர்க்கப்பட்டாலோ, ஒவ்வொரு தகடும் கூம்பாக மேலெழுந்து, அந்தப் புடைப்பு ஆயுள் முழுதும் மாறாமல் நிற்கிறது. தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் என்பதே வருத்தத்தை மிகுவிக்கிறது.

கைவிடப்பட்ட சல்காட்டாவைப் பாலைநிலத்தில் விட்டுவிடவும் வழியில்லை. அயலினமான இது அங்குள்ள நாட்டு ஆமைகளுக்கு நோயைப் பரப்பக்கூடும்.

காப்பகத்தில் இடமோ விரைவில் நிறைகிறது: ஆண் ஆமைகள், தொண்டைக்குக் கீழே ஓட்டிலிருந்து முன்னீண்ட தகட்டால் ஒன்றையொன்று கவிழ்க்க முயல்வதாலும், வெயிலில் மல்லாந்து கிடப்பது உயிரையே பறிக்கக்கூடும் என்பதாலும், அவற்றுக்குத் தனித்தனி வேலியடைப்பு தேவைப்படுகிறது.

அடைப்புகள் யாவும் நிறைந்த பின், வாசலுக்கு வரும் அடுத்த ஆண் ஆமையை ஏற்பவர் யார்?