மொழிபெயர்க்காமல் விட்ட ஒரு பதில்

பெப்ரவரி 13, 2025, வியாழன்

இரவு முழுக்கப் பனி. அம்மாவைக் குளிக்க வார்க்க வரும் பிள்ளை இரண்டு பஸ் மாறி, ஒன்பது மணிக்குப் பதிலாகப் பத்தேகாலுக்கு வந்து சேர்ந்தது. சப்பாத்துக்குள் பனி. அதற்காக ஒரு முணுமுணுப்பும் இல்லை.

பி.எஸ்.டபிள்யூ (பர்சனல் சப்போர்ட் வேர்க்கர்) என்றுதான் இங்கே எல்லாரும் சொல்லுவோம். மாகாண அரசு தரும் இலவசச் சேவை: கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்கி முடிய அந்த மணித்தியாலம் போய்விடும். இந்தப் பிள்ளை பிலிப்பைன்ஸில் இலொய்லோ. அங்கே தன் தாயைத் தங்கச்சி பார்க்கிறாளாம். இவள் இங்கிருந்து காசு அனுப்புகிறாள். "எழும்புங்கோ", "மெல்ல", "நோகுதா" என்று மூன்று சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தேன். "நோகுதா"வை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் அவளைப் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுகிறா.

அவள் போன பிறகு நான் நாலு மணிக்கு வரும்வரை அம்மா தனிய. என் கணவருக்கு லொறி ஓட்டம். கிழமையில் நாலு நாள் வீட்டில் இல்லை.

யன்னலடியில் கறிவேப்பிலைக் கன்று மஞ்சளடிக்கிறது. குளிர் பிடிக்கவில்லை போல.

பெப்ரவரி 17, திங்கள்

ஒன்ராறியோவில் இன்று குடும்ப தின விடுமுறை. லண்டனிலிருந்து தம்பி எடுத்தான். "அக்கா, நீங்கள் ஏன் இப்படிக் கஷ்டப்படுறியள்? ஒரு ஹோமில விடலாம்தானே." அவன் கெட்டவன் இல்லை. தூரத்தில் இருப்பவனுக்குத் தோன்றக்கூடிய ஒரே வழியைச் சொன்னான்.

எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. 2003இல் அறுபது வயதில் அம்மாவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டேன். பத்து வருஷம் அவவின் முழுச் செலவும் என் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தேன் (2014இலிருந்து அது இருபது வருஷம்). 65 வயது கடந்தாலும், பத்து வருஷம் கனடாவில் வாழ்ந்திருந்தால்தான் இங்கே முதியோர் ஓய்வூதியம். ஆக 2013 வரை அம்மாவின் பெயரில் ஒரு சதம் வரவில்லை. அந்தப் பத்து வருஷமும் என் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்து, சமைத்து, நான் இரண்டு வேலை செய்ய வழிவிட்டவ அவ. அதை வேலை என்று எந்தப் படிவத்திலும் எழுத இடம் இருக்கவில்லை.

ஹோம் என்றால் எந்த ஹோம்? டொக்டர் ஜோசப் வொங் முன்னின்று 1994இல் ஸ்காபுறோவில் யீ ஹோங் இல்லத்தைத் தொடங்கினார். சீன முதியவர்கள் தங்கள் சாப்பாட்டோடும் தங்கள் மொழியோடும் இருக்கக்கூடிய இடம். அதைக் கட்டியவர்களை நினைக்க மரியாதை வருகிறது. ஆனால் தெரிவு எப்போதும் நம் கையில் இல்லை. சனவரியில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது 2022ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஒருவர் மெல்லச் சொன்னார். சிகிச்சை முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாத முதியவரை, மாகாணத்தின் தென்பகுதியில் என்றால், 70 கிலோமீட்டருக்குள் அவர் கேட்காத இல்லத்துக்கும் அனுப்பலாம். மறுத்து அங்கேயே இருந்தால் நாளுக்கு 400 டொலர். எழுபது கிலோமீட்டர் என்றால் யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடைப்பட்ட தூரம். அவ்வளவு தூரத்தில் அம்மா "தண்ணி" என்றால் ஆருக்கு விளங்கும்?

பெப்ரவரி 20, வியாழன்

சேவை நேரத்தைக் கூட்டலாமா என்று பார்க்க ஒருங்கிணைப்பாளர் வந்தா. நல்ல மனுசி. மடிக்கணினியைத் திறந்து வரிசையாகக் கேட்டா. நான் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சொன்னேன். எழும்புவது, நடப்பது, நித்திரை. பிறகு அதே குரலில் கேட்டா: வீட்டில் உங்களை ஆராவது அடிக்கிறார்களா, ஏசுகிறார்களா, கவனிக்காமல் விடுகிறார்களா?

அந்த வீட்டில் இருப்பது நான். மொழிபெயர்ப்பதும் நான்.

கேட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்தா. "அடிக்கேல்லை. தனிய விட்டிட்டுப் போறியள். பகல் நீளமாய்க் கிடக்கு." கொஞ்சம் பொறுத்து, "அது சொல்லாதை, நீ வேலைக்குப் போறனிதானே."

"இல்லையாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவ ஒரு பெட்டியில் அடையாளம் இட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனா.

பெப்ரவரி 21, வெள்ளி

நித்திரை இல்லை. நான் பொய் சொன்னது ஒருபக்கம். சொல்லவேண்டிய இடத்தில் என்னை இருத்தியது மறுபக்கம். அதை நான் மன்னிக்கத் தயாரில்லை. இத்தனை ஆயிரம் தமிழர் வாழும் ஸ்காபுறோவில், ஒரு கிழவியிடம் அவளுடைய மகளைப் பற்றி அந்த மகளைக் கொண்டே விசாரிக்கிறார்கள். நான் உண்மையிலேயே அடிக்கிற மகளாக இருந்திருந்தால்?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி எடுத்து, நேற்று நான் சரியாகச் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துத் திரும்பக் கேளுங்கள் என்றேன். சற்று மௌனம். பிறகு, நன்றி என்றா.

பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி

மறுபடி வந்தா. தொலைபேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டா. மறுமுனையில் ஒரு பெண் குரல், "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றது. என்னைக் குசினிக்குள் இருக்கச் சொன்னார்கள். நாற்பது நிமிடம். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா கதைத்துக்கொண்டே இருந்தா. இவ்வளவு நீளமாக அவ கதைத்து எவ்வளவு நாள்!

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அம்மாவின் சம்மதத்தோடு ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். நான் காலையில் வெளிக்கிட்டதிலிருந்து திரும்பி வரும்வரை அம்மா தண்ணீரே குடிப்பதில்லை. தனியக் குளியலறைக்குப் போனால் விழுந்துவிடுவா என்று பயம். உடுப்பு நனைந்தால் அந்தப் பிள்ளை மாற்றவேண்டி வருமே என்று வெட்கம்.

சனவரியில் சிறுநீர்த் தொற்று வந்து, புத்தி தடுமாறி, என்னைச் செத்துப்போன பெரியம்மாவின் பெயரால் கூப்பிட்டது இதனால்தானா? உடம்பில் நீர் வற்றினால் தொற்று இலேசில் பிடிக்கும், இந்த வயதில் அது மூளையையும் கலக்கும் என்று அப்போதே டொக்டர் சொன்னார். நானும் நாள்தோறும் போத்தலை நிரப்பிவைத்து, "குடியுங்கோ, குடியுங்கோ" என்று ஏசிவிட்டுத்தான் போனேன். பின்னேரம் போத்தல் வெறுமையாக இருக்கும். கறிவேப்பிலைக் கன்று ஏன் மஞ்சளடித்து அழுகத் தொடங்கியது என்று இப்போது விளங்குகிறது.

சிவராத்திரிக்கு அம்மா கண்விழித்தா, பக்கத்தில் நானும். "அந்தப் பிள்ளை கதைச்சது இந்தியத் தமிழ். ஆனா வடிவாய் விளங்கினது" என்றா. பிறகு தானாகவே தொடங்கினா. 95 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண இடப்பெயர்வு. கோண்டாவிலிலிருந்து அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலம் வரை, அடிக்கு அடி நின்று நின்று. சனம் அசையவில்லை. பொம்பிளையள் ஒதுங்க ஒரு மறைப்பில்லை. "அண்டைக்குப் பழகினது, பிள்ளை. தண்ணி குடியாமல் ஒரு நாள் இருக்க எனக்கு ஏலும்."

நான் 1990இலேயே கனடாவுக்கு வந்துவிட்டேன். அம்மா தன் தாயை அப்படிக் கொண்டுபோனதை இவ்வளவு காலமும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த மற்றக் கேள்விக்கு மொழிபெயர்ப்பாளரிடம் என்ன சொன்னா என்று எனக்குத் தெரியாது. கேட்கப்போவதும் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

கட்டிலடியில் வைக்கும் கொமோட் கதிரை வந்துவிட்டது. அம்மா அதன்மேல் ஒரு சேலையை மடித்துப் போட்டு மூடியிருக்கிறா. அந்த ஒரு மணித்தியாலத்தைக் காலையில் அரையும் மத்தியானம் அரையுமாகப் பிரித்துத் தரக் கேட்டேன். ஆள் கிடைத்தால் பார்க்கலாம் என்றார்கள்.

பட்டியலில் நாலாவது சொல்லாகத் "தண்ணி" எழுதி ஒட்டினேன். பிள்ளை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தது.

பின்னேரம் வந்ததும் போத்தலைப் பார்த்தேன், வெறுமை. கன்றின் மண்ணைத் தொட்டேன். கொஞ்சம் ஈரம் இருந்தது, முந்தியளவு இல்லை. அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்கு எட்டரைக்கு அலுவலகம் திறந்ததும் மத்தியான நேரத்துக்காகத் திரும்ப எடுக்க வேண்டும்.